தரையைத் தொடும் இடம்

சாலைச் சைக்கிளுக்கென்று புதிதாக எது வந்தாலும், டயர் தாரைத் தொடும் இடத்திலிருந்துதான் அதை எடைபோடத் தொடங்குவேன். ஆளும் வண்டியும் சேர்ந்து எண்பது கிலோ, டயரில் காற்று ஐந்து பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் தரையில் பதிவது எட்டுச் சதுர சென்டிமீட்டர் ரப்பர். வேகம் எடுப்பது, வளைவில் சாய்வது, லாரியைக் கண்டு நிற்பது, மழையில் வழுக்குவது எல்லாம் அந்த எட்டுச் சதுர சென்டிமீட்டரில்தான் நடக்கின்றன. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் வண்டியில் அது கண்ணில் படுவதில்லை. அங்கே கண்ணைப் பறிப்பது கார்பன் ஃபிரேமின் பளபளப்பும், உயரமான விளிம்பு வைத்த சக்கரங்களும், கம்பியே இல்லாமல் பேட்டரியில் மாறும் கியரும்தான்.

சிம்பாங் அம்பாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அலோர் காஜா மாவட்டத்தின் இந்தச் சிறு பட்டணத்தைப் பலர் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சுங்கச்சாவடியின் பெயராகத்தான் அறிந்திருப்பார்கள். சைக்கிளில் போகிறவர்களுக்கு இது வேறு ஊர். தாபோ நானிங் பக்கம் மலாய்க் கம்பங்களுக்கு நடுவே வளைந்து போகும் ஒடுங்கிய சாலைகள், லுபோக் சீனா வரைக்கும் ஏறி இறங்கும் தாழ்ந்த மேடுகள், இருபுறமும் செம்பனை, இடையிடையே இன்னும் மிச்சமிருக்கும் பால்மரங்கள். இந்தச் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது விலையுயர்ந்த வண்டிகள் போகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்து, தொழிற்சாலையிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்து, நாற்பது வயதில் டாக்டர் சொன்னதற்காக ஓட்டத் தொடங்கி, பிறகு ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறவர்கள். வழியில் தேநீருக்கு நிற்கும்போது பேச்சு பெரும்பாலும் பொருளைப் பற்றியே இருக்கும். புதிய சக்கரம் வாங்கலாமா, வாங்கினால் தகுமா என்று.

இந்தக் கேள்வி முதன்முதலில் பெரிய அளவில் எழுந்ததே டயரைப் பற்றித்தான். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டினார். அதுவரை சைக்கிள்கள் கெட்டி ரப்பரில் ஓடின. மறு ஆண்டு மே மாதம் அதே நகரில் நடந்த பந்தயத்துக்கு வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் பூட்டிய வண்டியோடு வந்தார். பருத்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. நான்கு பந்தயங்களில் ஓடினார், நான்கிலும் வென்றார். தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற வணிகரின் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளைத் தோற்கடித்த டயரை அந்த அப்பா அலட்சியம் செய்யவில்லை. அதை விற்கும் கம்பெனியைத் தொடங்குவதில் முன்னின்றார். சைக்கிள் உலகில் ‘இது தகுமா’ என்று கேட்ட புதுப் பொருள்களில், இவ்வளவு சீக்கிரமாகவும் இவ்வளவு ஐயத்துக்கு இடமில்லாமலும் பதில் சொன்னது வேறொன்றும் இல்லை. சில ஆண்டுகளிலேயே கெட்டி டயர் மறைந்துபோனது.

அந்தப் பதிலின் விலையைக் கொடுக்கவேண்டிய இடங்களில் ஒன்றாக மலாக்கா ஆனது. காற்று டயர் பரவியதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளின் கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து நின்றன. ஆனால் நடுவதற்குத் தோட்டக்காரர்கள் முன்வரவில்லை. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் நட்ட ரப்பர்தான் மலாயாவின் முதல் வணிகத் தோட்டம். அடுத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம். 1910ஐ ஒட்டி டன்லப் கம்பெனியே மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. அந்தக் காடுகளை வெட்டி, கன்று நட்டு, பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். பின்னால் கார் டயருக்காகத்தான் ரப்பர் பெருகியது என்றாலும், கதவைத் திறந்துவிட்டது சைக்கிள் டயர். பெல்ஃபாஸ்ட்டில் ஓர் அப்பா தன் மகனின் வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று நினைத்ததற்கும், நம் பாட்டன் பாட்டிகள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதற்கும் இடையில் இருப்பது இந்த ஒரு பொருள்தான்.

என் அம்மா பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, தலையில் விளக்கு, கையில் உளி, தனக்கென்று ஒரு மர நிரை. விடியுமுன் போவதற்கு மரத்திலேயே காரணம் இருக்கிறது. சூரியன் ஏறுமுன் பட்டைக்குள் நீரழுத்தம் அதிகம். அப்போது வெட்டினால் பால் ஓடும். வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் மங்குக் கோப்பையில் பால் சேராது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இந்தக் கணக்கை இருட்டில், கொசுக்கடியில், ஒவ்வொரு மரமாக நின்று கையால் செய்தார்கள். பின்னேரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து உளியைத் தீட்டுவதில் அம்மா காட்டிய கவனத்தை நான் வேறெந்தக் கைத்தொழிலாளியிடமும் கண்டதில்லை. எந்தக் கல், எந்தக் கோணம், எந்தப் பிடி என்பதில் அவருக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. நல்ல உளிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தயங்கமாட்டார். உளியின் பிடிக்கு அலங்காரமாக எதையும் வாங்கியதில்லை.

தோட்டத்துச் சைக்கிளும் அப்படிப்பட்ட ஒரு தீர்மானம்தான். ராலே போன்ற இரும்பு வண்டிகளைத் தவணையில் வாங்கினார்கள். பின்னால் கனத்த கேரியர், அதில் பால் வாளிகள், திரும்பும்போது விறகோ அரிசி மூட்டையோ, ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கப் போனால் பிள்ளைகள். காண்டாக் கம்பில் தொங்கும் வாளிகளைத் தோளில் சுமந்து நடந்தவர்களுக்கு அந்த வண்டி எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்பதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தோளே சொல்லிவிடும். அந்த வண்டிகளின் டயர் ஒன்றரை அங்குல அகலம், அதாவது 38 மில்லிமீட்டர். செம்மண் தடத்தில் அதற்குக் குறைந்து ஓட்டவும் முடியாது.

டயர் இல்லாத சைக்கிள் எப்படியிருக்கும் என்பதையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படை, தீபகற்பம் முழுவதையும் பெரிதும் சைக்கிள்களை நம்பிக் கடந்தது. பல வண்டிகள் வழியில் மக்களிடமிருந்து பிடுங்கியவை. மலாக்காவை அவர்கள் 1942 ஜனவரி நடுவில் பிடித்தார்கள். வெயிலில் டயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு விளிம்பில் ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையை டாங்கிகள் என்று எதிர்ப்பக்கத்துப் படைகள் எண்ணிக் கலங்கியதாகப் போர் நினைவுகளில் பதிவாகியிருக்கிறது. உலக ரப்பரில் பெரும்பங்கை விளைவித்த மண்ணில், இருபுறமும் பால்மரம் நிற்கும் சாலையில், இரும்பு விளிம்புகள் கடகடத்துப் போயின.

இனி இன்றைய கடைக்கு வருவோம்.

கடந்த இருபது ஆண்டுகளில் சாலைச் சைக்கிளுக்கு வந்த மாற்றங்களில் ஆகப் பெரியது அகலமான டயர் என்பது என் முடிவு. தொண்ணூறுகளில் பந்தய வண்டி என்றால் 23 மில்லிமீட்டர் டயர். அதில் எட்டு பார் காற்றைக் கல்போல அடைப்பார்கள். கெட்டியாக இருந்தால் வேகம் என்று நம்பினார்கள். வழவழப்பான சோதனை உருளையில் அது ஓரளவு உண்மையும்தான். ஆனால் சாலை உருளை அன்று. கல்லும் ஒட்டும் உள்ள தாரில் கெட்டி டயர் ஒவ்வொரு பிசிறிலும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலில் காலின் உழைப்பு வீணாகிறது. அகலமான டயரில் குறைந்த காற்று அடைத்தால் பிசிறை ரப்பர் விழுங்கிக்கொண்டு உருண்டு போகும். இன்று பந்தயங்களிலேயே 28, 30 மில்லிமீட்டர் வழக்கமாகிவிட்டது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து லுபோக் சீனா போகும் சாலை, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் கிடக்கும் இடங்களில், இதை முதுகெலும்புக்கே சொல்லிக் கொடுக்கும்.

அகலத்தைவிட முக்கியம் ரப்பரின் தன்மை. டயர் உருளும்போது அதன் அடிப்பகுதி அமுங்கி, மறுகணம் மீள்கிறது. அமுக்க எடுத்த ஆற்றலில் ஒரு பங்கு மீண்டு வராமல் சூடாகிப் போய்விடும். அந்த இழப்பு குறைவாக உள்ள டயரே விரைவான டயர். இயற்கை ரப்பரில் செய்த பந்தையும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த பந்தையும் ஒரே உயரத்திலிருந்து விட்டால், முதலாவது துள்ளும், இரண்டாவது சோர்ந்து உட்காரும். அந்த வேறுபாடுதான் டியூபிலும். சாதாரண டியூப் பியூட்டைல். காற்றை நாள்கணக்கில் பிடித்துவைக்கும். பால்மரப் பாலில் செய்த லேட்டக்ஸ் டியூப் ஓர் இரவிலேயே காற்றைக் கசியவிடும், தினமும் காலையில் அடைக்கவேண்டும். ஆனாலும் ஒரு சோடிக்கு நான்கைந்து வாட் மிச்சமாகும். நல்ல பந்தய டயருக்கும் கெட்டியான பயிற்சி டயருக்கும் இடையே, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சோடிக்குப் பதினைந்திலிருந்து இருபது வாட் வரை வேறுபாடு வரும். நூற்றைம்பது வாட்டில் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறு தொகையன்று. பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் மேல். ஒரு சோடி நல்ல டயர் ஐந்நூறு ரிங்கிட் அளவில் கிடைக்கிறது.

இப்போது டியூபே இல்லாத டயர் வந்திருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றிவிடுவார்கள். முள் குத்தினால் திரவம் துளையில் வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்தப் புட்டியை முதன்முதலாகத் திறந்தபோது எழுந்த நெடியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அது வெட்டிய பாலைச் சேர்க்கும் தோட்டத்து ஸ்டோரின் நெடி. இவ்வகைத் திரவங்களில் பல பால்மரப் பாலில்தான் செய்யப்படுகின்றன. உறையாமல் இருக்க அதில் அமோனியா கலக்கிறார்கள். நம் ஸ்டோர்களில் பாலைக் கட்டவிடாமல் வைத்திருக்கச் சேர்த்ததும் அதே அமோனியாதான். தகடாக்க வேண்டும் என்றால் ஃபார்மிக் அமிலம் ஊற்றிக் கட்டவைப்பார்கள். பால் எப்போது ஓடவேண்டும், எப்போது உறையவேண்டும் என்ற அறிவு ஸ்டோரில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் இருந்தது. இன்று அது புதுமை என்ற பெயரில் சிறு புட்டியில் அடைபட்டு வருகிறது. புதுமையை நான் மறுக்கவில்லை. அது வேலை செய்கிறது, நான் பயன்படுத்துகிறேன். நம் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்றவேண்டும். அந்த அறிவு யாருடைய கைகளில் இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

டயரை விட்டு மேலே போகப் போக, கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே வருகிறது. எடையை எடுத்துக்கொள்வோம். பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று உலகச் சைக்கிள் சம்மேளனம் 2000இலிருந்து விதித்திருக்கிறது. அந்த எல்லையை நெருங்க மக்கள் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஏழு விழுக்காடு ஏற்றத்தில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஏறுகிறவர் ஒரு கிலோ குறைத்தால் மிச்சமாவது மூன்று வாட். கெந்திங் மலையேறுகிறவருக்கு அது பொருட்டாகலாம். மலாக்காவில் அப்படிப்பட்ட மலை எங்கே இருக்கிறது?

காற்றைக் கிழிக்கும் வடிவங்களைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓட்டமுடியும் என்ற சாதனை இதற்கு நல்ல சான்று. கிறிஸ் போர்ட்மேன் என்ற ஆங்கிலேயர் 1996இல் மான்செஸ்டர் உள்ளரங்கில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். கைகளை முன்னால் நீட்டி, உடலைத் தட்டையாக்கிப் படுத்ததுபோல் ஓட்டினார். வண்டியும் அதற்கென்றே செய்தது. பிறகு சம்மேளனம் அந்த நிலையைத் தடைசெய்து, எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஓட்டிய மாதிரிப் பழைய வண்டியில்தான் சாதனை செய்யவேண்டும் என்றது. 2000இல் அதே போர்ட்மேன், அதே மான்செஸ்டரில், பழைய மாதிரி வண்டியில் ஓட்டியது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் மட்டும் கூடுதல். நான்கு ஆண்டில் அவர் உடல்நிலை மாறியிருக்கும் என்று கழித்துக்கொண்டாலும், ஏழு கிலோமீட்டர் வேறுபாட்டின் பெரும்பகுதி கருவிக்கும் உடலை வைத்திருந்த நிலைக்கும் உரியது. ஆகவே கருவியில் ஒன்றுமில்லை, கால்தான் எல்லாம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். ஆனால் காற்றின் எதிர்ப்பில் முக்கால் பங்கை வாங்குவது ஃபிரேம் அன்று, ஓட்டுகிறவரின் உடல். முதுகைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி நெடுநேரம் இருக்கப் பழகிக்கொண்டால், உயரமான கார்பன் சக்கரம் தருவதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். நம் ஊரில் காட்டும் வேகத்தில் அந்தச் சக்கரத்தின் பயன் இன்னும் சுருங்கும், ஏனென்றால் காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. நாற்பதில் ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது இருபத்தைந்தில் ஓட்டுகிறவருக்குக் கிடைக்காது.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. வாங்கவேண்டும். மாலையில் திரண்டு கொட்டும் மழையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உதிர்த்த பழங்கள் நசுங்கி எண்ணெய் பிசுக்காகிக் கிடக்கும் சாலையில், விளிம்பைப் பிடிக்கும் பிரேக்குக்கு முதல் சில கணங்கள் நனைந்த விளிம்பைத் துடைப்பதிலேயே போய்விடும். தோட்டத்து இரும்பு வண்டியில் மழை நாளில் காலைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்துவார்கள். அதைச் செய்து பெருவிரல் நகத்தை இழந்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். பந்தயங்களில் 2018இல் முழு அனுமதி கிடைத்த பொருள், பந்தயமே ஓடாதவர்களுக்குத்தான் கூடுதலாகப் பயன்படுகிறது. பின்னால் வரும் வாகனத்துக்குப் பகலிலும் தெரியும் சிவப்பு விளக்கும் அப்படித்தான். நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு வாங்கும் அதைவிடத் தகுதியான புதுப் பொருளை நான் அறியேன்.

பேட்டரியில் மாறும் கியரை 2009இல் ஷிமானோ வெளியிட்டபோது அது அதிசயமாக இருந்தது. நன்றாகவே வேலை செய்கிறது, விரல் வலி உள்ளவர்களுக்கு உதவி. ஆனால் ஒழுங்காகச் சீரமைத்த கம்பிக் கியர் தராத எதையும் அது எனக்குத் தரவில்லை. அதே ஷிமானோவின் நடுத்தர விலைப் பாகங்களில் பல, ஜொகூர் பொந்தியானில் இருக்கும் அதன் ஆலையில் செய்யப்படுபவை. பெட்டியைத் திருப்பினால் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். அவற்றின் தரத்தில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, மெழுகில் முக்கி எடுத்தால் விலையுயர்ந்த பாகம் தருவதாகச் சொல்லும் வாட் மிச்சத்தில் பாதி, சமையலறை அடுப்பிலேயே கிடைத்துவிடும்.

மேல்தட்டு வண்டி ஒன்றின் விலை இன்று ஐம்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். சாப்பிடாமல் சேர்த்தாலும் இருபத்தொன்பது மாதச் சம்பளம் போதாது. காசு உள்ளவர் வாங்குவதில் எனக்குக் குறையில்லை. அழகான பொருளை விரும்புவது குற்றமும் அன்று. ஆனால் அந்த விலையைப் பார்த்து, இந்த விளையாட்டு நமக்கானதில்லை என்று தோட்டத்துப் பையன்கள் ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறேன். அதுதான் எனக்கு வலிக்கிறது. நாடே திரும்பிப் பார்க்கும் லங்காவிப் பந்தயம் 1996இலிருந்து நடக்கிறது. மலாக்காச் சாலைகளிலும் அது ஓடியிருக்கிறது. ஓரத்தில் நின்று கைதட்டிய பிள்ளைகளில் யாருக்காவது அந்த வண்டியில் ஏறிப் பார்க்கும் ஆசை வந்திருக்கும். அவர்களிடம் வண்டியின் எந்தப் பாகத்துக்குக் காசு தகும், எதற்குத் தகாது என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கவேண்டும்.

எங்கள் குழுவில் சேர வந்த ஓர் இளைஞன், அலுமினிய வண்டியைக் கடையில் இரண்டாம் கையாக வாங்கியிருந்தான். “அண்ணே, வீல் மாத்தணும்னு சொல்றாங்க, மூவாயிரம் ஆகுமாம். செய்யட்டுமா?” என்று கேட்டான். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். டயர் தேய்ந்து நடுவில் தட்டையாகி, பக்கவாட்டில் நூல் தெரிந்தது. பிரேக் பட்டை முடியும் நிலை. பின்விளக்கு இல்லை. “தம்பி, மூவாயிரம் உன்கிட்டேயே இருக்கட்டும். ஒரு சோடி டயர், 28. லேட்டக்ஸ் டியூப் வேணும்னா போடு, ஆனா தினம் காத்து அடிக்கணும். பிரேக் பட்டை, பின்விளக்கு. மொத்தம் எண்ணூறுக்குள்ள முடியும்,” என்றேன். அவனுக்குப் பாதி ஏமாற்றம் என்பது முகத்தில் தெரிந்தது. டயரை வாங்கி வந்தபோது நானும் கூட இருந்து மாட்டிக் கொடுத்தேன். அவன் எடைக்கு முன்னால் நான்கரை பார், பின்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. மழை என்றால் அதிலும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அவன் பாட்டியும் பால் வெட்டியவர்தான் என்று அப்போது சொன்னான். புக்கிட் அசகான் பக்கம்.